மெசெல் குழி: குப்பை கொட்டவிருந்த சுரங்கமும் அதற்குள் இருந்த பூச்சிகளும்

ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரிலிருந்து தென்கிழக்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் மெசெல் என்ற சிற்றூர் இருக்கிறது. ஊருக்கு வெளியே, காட்டுக்கு நடுவில், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்தில் ஒரு பழைய திறந்தவெளிச் சுரங்கம். ஆழம் சுமார் 60 மீட்டர். 1970-களில் அதைப் பார்த்த அதிகாரிகளுக்கு அது வேலை முடிந்த பள்ளம். தென் ஹெஸ்ஸே வட்டாரத்தின் குப்பையை எங்கே கொட்டுவது என்று தவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. இருபது ஆண்டுக்காலம் அந்தப் பள்ளத்தின் தலையெழுத்து இழுபறியில் இருந்தது. 1995-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது. புதைபடிவங்களுக்காகவே ஜெர்மனியில் அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இடம் அது.

மெசெல் என்றதும் பத்திரிகைகளில் வருவது நாய் அளவு குதிரையும், தோல் நிழல்கூட மறையாத வௌவாலும், 'இடா' என்று பெயர் வைக்கப்பட்ட குரங்கினப் படிவமும்தான். எல்லாமே வியக்கத்தக்கவை, மறுப்பதற்கில்லை. ஆனாலும் இந்தக் குழியை ஏன் குழியாகவே காப்பாற்ற வேண்டியிருந்தது என்ற கேள்விக்கு மிகத் தெளிவான பதில் அங்குள்ள பூச்சிகளிடம் இருக்கிறது என்பது என் கருத்து. ஒரு குதிரை எலும்புக்கூட்டைப் பெயர்த்தெடுத்து அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டால் அதன் பெரும்பகுதிக் கதையைக் காப்பாற்றிவிடலாம். ஒரு பூச்சியை அப்படிக் காப்பாற்ற முடியாது. அது எந்த அடுக்கில், யாருக்குப் பக்கத்தில், எத்தனை பேரோடு கிடந்தது என்பதில்தான் அதன் பாதிக் கதை இருக்கிறது. இந்த ஆய்வை அந்தக் கோணத்திலிருந்தே எழுதுகிறேன்.

எண்ணெய்க்காகத் தோண்டிய பள்ளம்

1859-இல் இங்கே இரும்புத் தாது எடுக்க அனுமதி கொடுத்தார்கள். தாது தேறவில்லை. அதன் கீழே இருந்த கரும்பழுப்புப் பாறைதான் பின்னாளில் பணம் தந்தது. பார்வைக்கு நிலக்கரி போலத் தெரிந்தாலும் அது எண்ணெய் ஷேல்: ஏரியடியில் படிந்த களிமண்ணும், இறந்த பாசிகளின் கரிமப் பொருளும், நிறையத் தண்ணீரும் சேர்ந்த கல். அதன் எடையில் சுமார் 40 விழுக்காடு தண்ணீர் என்றால் பலருக்கு நம்ப முடியாது. இந்த ஒரு எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மெசெலின் அதிர்ஷ்டமும் தலைவலியும் இரண்டும் அதிலிருந்துதான் வருகின்றன.

1884-இல் நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டு, 1886 வாக்கில் பெரிய அளவில் வெட்டத் தொடங்கினார்கள். ஷேலை உலையில் போட்டுச் சூடாக்கி, வடியும் எண்ணெயிலிருந்து எரிபொருளும் பாரஃபின் மெழுகும் எடுத்தார்கள். இரண்டு உலகப் போர்களையும் தாண்டி அந்த ஆலை ஓடியது. புதைபடிவங்கள் ஆரம்பத்திலேயே தலைகாட்டின. 1870-களின் நடுவிலேயே ஒரு முதலையின் எச்சம் கிடைத்திருந்தது. ஆனால் நோக்கம் எண்ணெய். வண்டி வண்டியாக உலைக்குப் போன ஷேலில் என்னென்ன எரிந்துபோயின என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அதே சமயம் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சுரங்கம் வெட்டாமல் இருந்திருந்தால் மெசெல் என்ற பெயரே நமக்குத் தெரிந்திருக்காது. பாறை மரங்களுக்கும் மண்ணுக்கும் கீழே அப்படியே கிடந்திருக்கும்.

1960-களில் எண்ணெய்த் தொழில் கட்டுப்படியாகாமல் போனது. 1971-இல் வெட்டுவதும் நின்றது.

ஏரி எப்படிப் பூச்சிகளைச் சேர்த்து வைத்தது

சுமார் 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன், இயோசீன் காலத்தில், மேலெழுந்த எரிகுழம்பு நிலத்தடி நீரைத் தொட்டு வெடித்தது. அதில் உண்டான ஆழமான வட்டப் பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி ஏரியானது. இத்தகைய ஏரியைப் புவியியலாளர்கள் 'மார்' என்பார்கள். நீண்டகாலம் இது விவாதத்தில் இருந்தது. நிலம் மெதுவாக அமிழ்ந்து உண்டான ஏரியாக இருக்கலாம் என்றும் பலர் நினைத்தார்கள். 2001-இல் குழியின் நடுவில் 433 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டார்கள். ஏரிப் படிவுகளுக்குக் கீழே எரிமலைச் சாம்பலும் உடைந்த பாறைக் குவியலும் வந்தன. கேள்வி தீர்ந்தது.

அகலம் குறைவு, ஆழம் மிக அதிகம், சுற்றிலும் செங்குத்தான கரை. இப்படிப்பட்ட ஏரியில் மேல்நீரும் அடிநீரும் கலப்பதில்லை. அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். விழுந்ததைத் தின்னப் புழு இல்லை, நத்தை இல்லை, சேற்றைக் கிளற ஒன்றுமே இல்லை. மேலே பாசி பெருகி அடங்கும்போது ஒரு மெல்லிய வெளிர் படலம், மற்ற நேரத்தில் ஒரு கரும் படலம். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவுதான் சேறு சேர்ந்தது. ஒரு விரற்கடைத் தடிமனுக்குள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அடங்கியிருக்கிறது.

அன்று மெசெல் இருந்த இடம் இன்றைக்கிருப்பதைவிடப் பல பாகை தெற்கே இருந்தது. பூமியும் மிக வெப்பமாக இருந்தது. கரையைச் சுற்றி லாரல், தேயிலைக் குடும்பத்து மரங்கள், பனை வகைகள், திராட்சைக் கொடிகள் எனப் பசுமை மாறாக் காடு.

சரி, காட்டில் இருந்த பூச்சி ஏரியின் அடிக்கு எப்படிப் போனது? கேட்க எளிய கேள்வி. ஹெர்பர்ட் லுட்ஸ் போன்ற ஆய்வாளர்கள் இதற்காகவே மெனக்கெட்டிருக்கிறார்கள். தண்ணீரில் விழுந்த பூச்சி உடனே மூழ்காது. நீரின் மேற்பரப்பு இழுவிசை அதைத் தாங்கிப் பிடிக்கும். உடல் கனமாகவும் இறக்கை சிறிதாகவும் இருந்தால் சீக்கிரம் கீழே போகும். வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி போன்றவற்றின் இறக்கை நனையாது. நாட்கணக்கில் மிதந்து, அழுகி, பிய்ந்து, கரையோரம் ஒதுங்கிவிடும். ஆகவே மெசெலில் வண்டுகள் ஏராளம், பட்டாம்பூச்சி அரிது. அதை வைத்துக்கொண்டு அந்தக் காட்டில் பட்டாம்பூச்சி குறைவு என்று எழுதினால் அது தவறு. ஏரி ஒரு சல்லடை. எதைத் தக்கவைத்தது, எதை விட்டது என்று தெரியாமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயனில்லை.

நீர்வாழ் பூச்சிகளும் இங்கே குறைவாகவே கிடைக்கின்றன. ஏரியின் அடிப் படிவில் நீர்ப்பூச்சி குறைவு என்பது முதலில் விநோதமாகத்தான் படும். தோண்டுவது ஆழமான நடுப்பகுதியின் படிவுகளை. நீர்ப்பூச்சிகள் வாழும் ஆழமற்ற கரையோரம் அங்கிருந்து தொலைவு. கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பறந்து வந்து விழுந்தவை அல்லது காற்றில் அடித்து வரப்பட்டவை. இது ஏரியின் கணக்கெடுப்பாக இல்லாமல் காட்டின் கணக்கெடுப்பாக ஆகிவிட்டது. ஆய்வாளர்களுக்கு இது பெரிய கொடுப்பினை.

பொன்வண்டின் பச்சை

நம் ஊர்ப் பிள்ளைகள் தீப்பெட்டியில் போட்டு இலை கொடுத்து வளர்க்கும் பொன்வண்டு இருக்கிறதே, அதே குடும்பத்து வண்டுகள் மெசெலில் கிடைக்கின்றன. கிடைக்கும்போது மின்னுகின்றன. ஈரமான ஷேலைக் கத்தியால் பிளந்ததும் பச்சை, நீலம், செம்பு நிறத்தில் உலோகப் பளபளப்போடு ஒரு வண்டு தெரியும். 4.8 கோடி ஆண்டுப் பழைய நிறம்.

இது எப்படி முடிகிறது? சாயமாக இருந்தால் சிதைந்து போயிருக்கும். பொன்வண்டின் நிறம் சாயத்தால் வருவதல்ல. அதன் மேலோட்டில் மிக மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒளி ஒவ்வோர் அடுக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. அடுக்குகளின் தடிமனைப் பொறுத்து சில நிறங்கள் ஒன்றையொன்று வலுப்படுத்தும், சில அழியும். அடுக்கு கலையாமல் இருந்தால் நிறமும் இருக்கும். மெசெலில் ஆக்சிஜனும் இல்லை, பெரிய வெப்பமும் அழுத்தமும் பாறையைத் தாக்கவும் இல்லை. அடுக்கு பிழைத்தது.

ஆனால் நாம் பார்க்கும் நிறமே வண்டு உயிரோடு இருந்தபோது கொண்டிருந்த நிறம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மரியா மெக்நமாராவும் கூட்டாளிகளும் பல இடத்துப் புதைபடிவ வண்டுகளின் ஓட்டை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து 2012-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அடுக்குகளின் அமைப்பு அப்படியே இருந்தாலும், மேலோட்டின் வேதித்தன்மை மாறியதால் அது ஒளியை வளைக்கும் அளவும் மாறியிருக்கிறது. அதனால் நிறம் சிவப்புப் பக்கமாகச் சற்று நகர்ந்துவிட்டது. பச்சையாகத் தெரிவது முன்பு இன்னும் நீலச்சாயலாக இருந்திருக்கலாம். கணக்குப் போட்டால் பழைய நிறத்தை மீட்கவும் முடிகிறது. அதற்கு முந்தைய ஆண்டே அதே குழு மெசெலின் அந்துப்பூச்சிகளில் இதைச் செய்து, முன்னிறக்கையின் மேற்பக்கம் மஞ்சள் கலந்த பச்சையாக இருந்தது என்று காட்டியது. இலைமேல் உட்கார்ந்தால் கண்ணில் படாது, பூமேல் உட்கார்ந்தால் எச்சரிக்கையாகத் தெரியும் நிறம். அழிந்துபோன ஒரு பூச்சி தன்னைத் தின்ன வந்த பறவையிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்பது வரை ஒரு கல்லிலிருந்து படிக்க முடிகிறது. எனக்கு இந்தக் குழியின்மேல் உள்ள ஈடுபாட்டுக்கு முதல் காரணம் இதுதான்.

ராணி எறும்புகள், வேலைக்காரர்கள் இல்லாமல்

மெசெலின் இன்னொரு பெரும்பேறு ராட்சத எறும்புகள். உடல் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல், விரித்த இறக்கை சுமார் 15 சென்டிமீட்டர். முன்பு வேறு பெயரில் இருந்த இந்த இனத்துக்கு இன்று டைட்டனோமிர்மா என்று பெயர். ஒன்றிரண்டு இல்லை, ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. எல்லாமே இறக்கை உள்ளவை, அதாவது ராணிகளும் ஆண்களும். இறக்கையில்லாத வேலைக்கார எறும்பு ஒன்றுகூடக் கிடைத்ததில்லை.

மழை விட்ட மாலையில் புற்றிலிருந்து ஈசல் கிளம்புவதுபோல இந்த எறும்புகளும் கூட்டமாக இணைசேரப் பறந்திருக்க வேண்டும். ஏரிக்கு மேல் பறந்தவற்றில் பல தண்ணீரில் விழுந்தன. வேலைக்கார எறும்பு காட்டுத் தரையில் நடந்தது, அது ஏரி நடுவே வர வாய்ப்பில்லை. மேலே சொன்ன சல்லடை இங்கேயும் வேலை செய்கிறது.

2011-இல் புரூஸ் ஆர்ச்சிபால்டும் மற்றவர்களும் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துப் பாறையிலிருந்து இதே இனத்து ராணி எறும்பு ஒன்றை விவரித்தார்கள். டென்வர் அருங்காட்சியகத்தின் சேமிப்பு இழுப்பறையில் அது ஏற்கெனவே இருந்தது. வெப்பம் விரும்பும் இத்தனை பெரிய எறும்பு ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் நடுவே எப்படிப் போய் வந்தது? அன்று ஆர்க்டிக் வழியாக நிலத்தொடர்பு இருந்தது. ஆனால் அந்த வழியில் குளிர் அதிகம். பூமி குறுகிய காலங்களுக்கு மிகவும் சூடேறியபோது அந்தக் கதவு திறந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். 2023-இல் அதே குழு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து, அன்றும் குளிர்ச்சியாக இருந்த மேட்டுநிலத்திலிருந்து, இன்னொரு ராணியை அறிவித்தது. விடை தெளிவாகியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கல் பாறை அழுத்தத்தில் கோணலாகிவிட்டது. எறும்பு உண்மையில் பெரிதா சிறிதா என்று சொல்ல முடியவில்லை. சிறிது என்றால் குளிரைத் தாங்கிய இனம், பெரிது என்றால் முழு விளக்கத்தையும் மாற்ற வேண்டும். மெசெல் கல் எவ்வளவு நம்பகமானது என்பது இப்படி வேறோர் இடத்துக் கல்லைப் பார்க்கும்போதுதான் புரிகிறது.

உடம்பே கிடைக்காத பூச்சிகள் விட்டுச்சென்ற தடயமும் உண்டு. மெசெலின் இலைப் படிவம் ஒன்றில் நரம்புகளின் இருபுறமும் இணை இணையாகக் கடித்த தழும்புகள் இருந்தன. மொத்தம் 29. 2010-இல் டேவிட் ஹியூஸ், டோர்ஸ்டன் வாப்லர், கான்ராட் லாபண்டைரா மூவரும் அதற்கு விளக்கம் தந்தார்கள். இன்றும் வெப்பமண்டலக் காடுகளில் ஒரு பூஞ்சை எறும்பின் உடலுக்குள் புகுந்து, அதன் நடத்தையைத் தன் வசமாக்கி, இலையின் நரம்பைக் கவ்வ வைத்துக் கொன்றுவிடும். பிறகு எறும்பின் தலையிலிருந்து பூஞ்சை முளைத்து வித்துகளைத் தூவும். அந்த மரணப் பிடியின் தழும்புக்கும் கல்லிலிருந்த தழும்புக்கும் வேறுபாடு இல்லை. எறும்பும் இல்லை, பூஞ்சையும் இல்லை, கடி மட்டும் இருக்கிறது. சுரங்கத் தொழிலாளியோ சேகரிப்பாளரோ இந்த இலையைத் திரும்பிப் பார்த்திருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள்.

இலைப்பூச்சி ஒன்றும் கிடைத்திருக்கிறது. 2007-இல் சோன்யா வெட்மானும் சகாக்களும் விவரித்த அதுவே அந்த இனத்தின் முதல் புதைபடிவம். இன்று இலைப்பூச்சிகள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கின்றன, ஐரோப்பாவில் இல்லை. வயிறு இலைபோல அகன்ற வடிவம் அன்றே முழுமையாகிவிட்டது; முன்னங்கால் மட்டும் இன்றைய இனங்களைப்போல விரியவில்லை.

யார் எதைத் தின்றார்கள் என்பதற்கும் இங்கே நேரடிச் சான்று கிடைக்கிறது. வௌவால்களின் வயிற்றில் அந்துப்பூச்சியின் செதில்கள். ஓர் ஈயின் வயிற்றில் மகரந்தம்; 2021-இல் வெளியான அந்த ஆய்வு, ஈ எந்தெந்தச் செடியின் பூவுக்குப் போனது என்று செடியின் பேரினம் வரை சொன்னது. ஒரு பாம்பின் வயிற்றில் பல்லி வகையைச் சேர்ந்த ஒரு பிராணி, அதன் வயிற்றில் ஒரு பூச்சி. மூன்று படி உணவுச் சங்கிலி ஒரே கல்லில்.

குப்பையா கல்லா

1971-இல் சுரங்கம் மூடியதும் இரண்டு வகை ஆட்கள் வந்தார்கள். முதல் வகை தனியார் சேகரிப்பாளர்கள். அவர்களைப் பற்றிப் பொதுவாகக் கடுமையாக எழுதுவார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். குழிக்குக் குப்பை வரப்போகிறது என்ற நிலையில் மழையிலும் வெயிலிலும் கல் பிளந்து எத்தனையோ படிவங்களைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். 1960-களில் உருவான செயற்கைப் பிசின் முறையைக் கையாண்டு தேர்ச்சி பெற்றவர்களும் அவர்களில் பலர். அதாவது, எலும்புக்கூட்டின் ஒரு பக்கத்தைச் சுத்தம் செய்து, அதன்மேல் பிசினை ஊற்றி இறுகவிட்டு, திருப்பி, மறுபக்கத்து ஷேலை முழுவதும் சுரண்டி எடுத்துவிடுவது. எலும்பு மட்டும் பிசின் பலகையில் நிற்கும். காய்ந்து வெடிக்கும் கல் போய்விட்டது.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. எடுத்த கல் எந்த அடுக்கில் இருந்தது என்று பெரும்பாலும் யாரும் குறிக்கவில்லை. விலை போகும் படிவங்கள்தான் வெளியே வந்தன. இடாவின் கதை எல்லோருக்கும் தெரிந்ததே: 1983-இல் ஒரு சேகரிப்பாளர் எடுத்தார், கல் இரண்டு பலகையாகப் பிளந்தது, இரண்டும் தனித்தனியே விற்கப்பட்டன, ஒன்றில் இல்லாத பாகங்களைச் செயற்கையாகச் சேர்த்து முழுமையாக்கியிருந்தார்கள். நல்ல பலகையை 2007-இல் ஓஸ்லோ அருங்காட்சியகம் வாங்கி, 2009-இல்தான் உலகுக்கு அறிவித்தார்கள். குரங்குக்கே இந்த நிலை என்றால் விரல்நகம் அளவு வண்டுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? பூச்சிக்குச் சந்தை கிடையாது. பிசின் முறையும் அதற்குப் பெரிதாக உதவாது. தட்டையான மேலோடு கல்லோடு ஒட்டிக் கிடக்கும். கல் காய்ந்தால் அதுவும் சில மணி நேரத்தில் செதில் செதிலாக உதிரும்.

இரண்டாம் வகை ஆட்கள் அதிகாரிகள். அவர்கள் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1970-களின் ஜெர்மனியில் குப்பை உண்மையான நெருக்கடி. மக்கள்தொகை நெருங்கிய வட்டாரம், ஆழமான பள்ளம், அடியில் நீர் எளிதில் ஊடுருவாத களி. காகிதத்தில் பார்த்தால் அருமையான திட்டம். பெரும் பணம் செலவழித்துப் பணிகளையும் தொடங்கினார்கள். எதிர்த்தவர்களில் ஆராய்ச்சியாளர்கள் பாதி, உள்ளூர்க்காரர்கள் பாதி. உள்ளூர் மக்களின் இயக்கம் இல்லாமல் அறிவியலாளர்களின் கையெழுத்து மட்டும் எதையும் நிறுத்தியிருக்காது என்பது என் கணிப்பு. தங்கள் ஊர் வழியாகக் குப்பை லாரி போவதை எதிர்த்தவர்களுக்கும் வௌவால் படிவத்தை நேசித்தவர்களுக்கும் கோரிக்கை ஒன்றாக அமைந்தது.

இதற்கிடையில் டார்ம்ஷ்டாட்டின் மாநில அருங்காட்சியகம், ஃபிராங்க்ஃபர்ட்டின் சென்கென்பெர்க் நிறுவனம், பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நிறுவனம் எனப் பல குழுக்கள் அவசர அகழாய்வில் இறங்கின. குப்பை எப்போது வரும் என்று தெரியாத நிலையில் தோண்டியதால் வேகமாகத் தோண்டினார்கள். ஆனாலும் இந்தக் காலத்தில்தான் அடுக்கு அடுக்காகப் பதிவுசெய்யும் பழக்கம் வேரூன்றியது. குழியின் பாறையில் குழி முழுவதும் அடையாளம் காணக்கூடிய சில மெல்லிய படலங்கள் உண்டு. அவற்றுக்குக் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்து, ஒவ்வொரு படிவமும் அந்தப் படலத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் மேலே அல்லது கீழே கிடைத்தது என்று எழுதிவைத்தார்கள். பூச்சிகளை எண்ணிக்கையில் வைத்துப் பேச முடிந்தது இதற்குப் பிறகுதான். லுட்ஸ் ராட்சத எறும்புகளை 1986-இல் விரிவாக விவரித்ததும் இந்தக் காலகட்டத்தில்தான். கற்கள் குப்பைக்கு அடியில் போய்விடும் என்ற அச்சம் அப்போது நீங்கியிருக்கவில்லை.

1980-களின் பிற்பகுதியில் நிர்வாக நீதிமன்றம் திட்டத்தைத் தடுத்தது. புதைபடிவத்தின் மதிப்பை எடைபோட்டுத் தந்த தீர்ப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அனுமதி வழங்கிய நடைமுறையில் இருந்த குறைகளே முதன்மைக் காரணம். இது எனக்கு உறுத்தலான செய்தி. கோப்பு ஒழுங்காக இருந்திருந்தால் பொன்வண்டுக்கு மேல் இன்று பிளாஸ்டிக் பைகள் கிடந்திருக்கும். 1991-இல் ஹெஸ்ஸே மாநில அரசு குழியை விலை கொடுத்து வாங்கியது. அடுத்த ஆண்டு நிர்வாகம் சென்கென்பெர்க்கிடம் வந்தது. 1995-இல் யுனெஸ்கோ அறிவிப்பு.

காப்பது என்றால் தினசரி வேலை

வேலி போட்டுப் பலகை வைத்துவிட்டால் மெசெல் காப்பாற்றப்பட்டுவிடாது. ஒன்றும் செய்யாமல் விட்டால் முதலில் தண்ணீர் நிரம்பும். அது பள்ளம்தானே, மழையும் ஊற்றும் சேரும். ஆகவே நீரை வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் சரிவு. ஈரக் களிப்பாறைச் சுவர்கள் மெதுவாக நகரும். திறந்துகிடக்கும் ஷேல் வெயிலில் வெடித்துப் பொடியாகும், அதன்மேல் செடி முளைக்கும், வேர் கீழே இறங்கும். தோண்டும் களம் எப்போதும் மூடி ஈரமாக வைக்கப்பட வேண்டும். சட்டப்படி இந்த இடம் இன்றும் சுரங்கம். சுரங்கப் பாதுகாப்பு விதிகள் அங்கே வேலை செய்யும் தொல்லுயிரியலாளருக்கும் பொருந்தும். பார்வையாளர்கள் வழிகாட்டியோடுதான் உள்ளே போகலாம். 2010-இல் குழியின் விளிம்பில் ஒரு பார்வையாளர் மையம் திறந்தார்கள்.

அகழாய்வு கோடை மாதங்களில் நடக்கும். பெரிய பாளங்களாக வெட்டி எடுத்து, அகலமான கத்தியால் பக்கம் பக்கமாகப் பிளப்பார்கள். பூச்சி தெரிந்தால் அந்த இடத்தைச் சிறு துண்டாக வெட்டி, உடனே ஈரத்தில் வைத்து, பிறகு கிளிசரினில் மூழ்கடிப்பார்கள். கிளிசரின் எளிதில் ஆவியாகாது, கல்லைக் காயவிடாது. மெசெலின் பூச்சித் தொகுப்பு பெரும்பாலும் இப்படித் திரவத்தில் இருக்கிறது. இதிலும் ஒரு விலை இருக்கிறது. நுண்ணிய அமைப்பால் நிறம் தரும் செதிலுக்குள் காற்று இருந்த இடத்தில் கிளிசரின் புகுந்தால் நிறம் மாறித் தெரியும். அந்துப்பூச்சி ஆய்வில் இதைக் கணக்கில் எடுத்துத்தான் மூல நிறத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்தக் குப்பிகளில் திரவ அளவு குறைகிறதா என்று யாராவது ஒருவர் ஆண்டாண்டாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உலகப் பாரம்பரியம் என்ற பட்டத்துக்கு விழா எடுக்கப் பணம் கிடைக்கும், குப்பி நிரப்பும் உதவியாளருக்குச் சம்பளம் ஒதுக்குவதுதான் எந்த நாட்டிலும் கடினம். எனக்குத் தெரிந்து புதைபடிவப் பாதுகாப்பில் மிக அலட்சியப்படுத்தப்படும் வேலை இதுதான். வயோமிங் எறும்பு ஓர் இழுப்பறையில் பத்திரமாக இருந்ததால்தான் ஆர்க்டிக் வழியைப் பற்றி யோசிக்கவே முடிந்தது.

இந்த நிகழ்விலிருந்து எனக்குப் படும் குறை ஒன்றும் உண்டு. 1970-களிலும் 80-களிலும் தனியார் எடுத்த கற்களில் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கலாம். அவற்றை அருங்காட்சியகங்கள் விலைக்கு வாங்கும்போது முதுகெலும்புள்ளவற்றுக்கே முதலிடம் கொடுக்கிறார்கள். பூச்சிக் கற்களைக் கொடுக்க முன்வருபவரிடம், நினைவில் இருப்பதையாவது, குழியின் எந்தப் பக்கம், எந்த ஆண்டு என்று கேட்டு எழுதி வாங்குவதற்கு ஒரு முறையான திட்டம் வேண்டும். அன்று கல் பிளந்தவர்களுக்கு இன்று வயதாகிவிட்டது. இதைத் தள்ளிப்போட முடியாது.

தோண்டுவதற்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதையும் 2001-இன் துளை காட்டியது. தற்போதைய அடித்தளத்துக்குக் கீழே ஏரிப் படிவு இருநூறு மீட்டருக்கு மேல் இறங்குகிறது. எல்லாம் எண்ணெய் ஷேல் இல்லை. கீழ்ப்பகுதி ஏரி உண்டான புதிதில் கரை சரிந்து விழுந்த கரடுமுரடான படிவு. வெடித்து வெறுமையான நிலத்தில் முதலில் எந்தப் பூச்சி வந்தது, எந்த வரிசையில் காடு திரும்பியது என்ற கேள்விகளுக்கு அங்கேதான் தேட வேண்டும். ராட்சத எறும்பின் வேலைக்காரர்களும் அப்படித்தான். எதைத் தின்றன, எங்கே கூடு கட்டின, ராணியோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரியவை என எதுவும் தெரியாது. வெள்ளத்தில் கரையிலிருந்து அடித்துவரப்பட்ட ஒரே ஒரு இறக்கையில்லா எறும்பு கிடைத்தாலும் இதில் பாதி தெளியும். 1975-இல் அது கிடைத்திருந்தால் பெயர் தெரியாத கறுப்புப் பூச்சியாக வெயிலில் காய்ந்து உதிர்ந்திருக்கும். இன்று கிடைத்தால் எந்தப் படலத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் கீழே என்ற குறிப்போடு அன்று மாலையே கிளிசரினுக்குப் போய்விடும்.